கைக்குள் அடங்கும் லாரியை வாங்கலாமா

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. சைக்கிளில் ஏறினால்கூடப் பின்னால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பனி கொட்டுகிற மலைப்பாதையில் பதினெட்டுச் சக்கர லாரியை ஓட்டிப்போய், பாரம் ஆடாமல் துறைமுகத்தில் நிறுத்திவிடுவேன். எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

இந்தப் பழக்கம் மகளால் வந்தது. காலேஜ் லீவுக்கு வந்தவள், அவள் அப்பா கடைக்கணக்குக்காக வாங்கிய லேப்டாப்பில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். "யம்மா, செத்த பிடி, குளிச்சிட்டு வாரேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் குளித்து, சாப்பிட்டு, லீவு முடிந்து ஹாஸ்டலுக்கும் போய்விட்டாள். நான்தான் லாரியை விட்டு இறங்கவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். எனக்கு வேலை ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில். ஏற்றுமதிப் பேப்பர்கள் தயார் செய்வேன். என் ஜன்னலுக்கு வெளியேதான் கன்டெய்னர் லாரிகள் வந்து பின்பக்கமாக ஒதுங்கும். கேம் பழகுகிற வரைக்கும் அவற்றை நான் திரும்பிப் பார்த்ததில்லை. பழகின பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் ஒடிங்க, அப்பத்தான் பின்வண்டி உள்ள போவும்" என்று கத்திவிட்டேன்.

டிரைவர் இறங்கி வந்தார். கோபப்படவில்லை, மரியாதையாகவே கேட்டார்.

"மேடம் கனரக வண்டி ஓட்டுவீயளோ?"

"ஓட்டுவேன்" என்றேன், யோசிக்காமல்.

"எந்த ரூட்டு?"

ஜெர்மனி என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் தூரமா" என்று சொல்லி ஜன்னலை மூடிக்கொண்டேன்.

லேப்டாப் பாவம், கடை பில் போடுவதற்கென்று பிறந்தது. கேமில் மழை பெய்தாலே அதற்கு மூச்சு வாங்கும். லாரி பாலத்தில் நின்றுவிடும், மழைத்துளி அந்தரத்தில் தொங்கும், மின்விசிறி மட்டும் மாவு ஆட்டுகிற மாதிரி சத்தம் போடும். அந்தச் சமயத்தில்தான் கையில் பிடித்து விளையாடுகிற புது கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று வந்திருப்பதை போனில் பார்த்தேன். உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் ஒரு திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். முழுக் கம்ப்யூட்டர். எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. அதைப் பற்றிப் பேசுகிற வீடியோ ஒன்றுவிடாமல் பார்த்தேன். மகள் வயதுப் பையன்கள் "பேட்டரி பத்தல, ஆனா பவர் வேற லெவல்" என்று சொன்னதை எல்லாம் மனப்பாடம் செய்தேன். சர்ச்சில் ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். எட்டு இஞ்ச் திரையா, ஏழு போதுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். பொருள் வாங்குவதில் அவரிடம் ஒரே கேள்விதான்.

"இது என்ன செய்யும்?"

"போக வர பஸ்ல சும்மாதான உக்காந்திருக்கேன். அந்த நேரத்துல விளையாடலாம்."

"நீ எப்பட்டி பஸ்ல உக்காந்த? தெனமும் நின்னுக்கிட்டு வந்தேன்னுதான கால அமுக்கச் சொல்லுத?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனால் எனக்கு அதிர்ஷ்டம் வேறு வழியில் வந்தது. எங்கள் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கிற தம்பி ஒருவர், முப்பது வயது இருக்கும், அதே மிஷினைப் புதிதாக வாங்கியிருந்தார். நான் அதைப் பார்த்த பார்வையை அவர் பார்த்துவிட்டார். "அக்கா, ஒரு வாரம் கொண்டுபோய் விளையாடிப் பாருங்க. பிடிச்சா பொறவு வாங்குங்க" என்று பையோடு கொடுத்தார். கடன் கொடுக்கிறவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. இதற்கே மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடியில் மிஷினை வைத்து, லாரியைக் கிளப்பினேன். பக்கத்தில் ஒரு அம்மா, கூடை நிறையக் கனகாம்பரத்தோடு. என் கையை உற்றுப் பார்த்தார்.

"இது என்னத்தா, சுகர் பாக்குற மிஷினா?"

"இல்லம்மா, லாரி."

"லாரியா?" என்று திரைக்குள் குனிந்தார். "யாரு ஓட்டுதா?"

"நான்தான்."

அந்த மிஷினில் ஒரு வசதி இருந்தது. பொத்தானைத் தொடவே வேண்டாம், மிஷினைச் சாய்த்தால் ஸ்டியரிங் திரும்பும். வீடியோவில் அதைப் பார்த்து மயங்கிப்போய் நான்தான் அதைப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் பஸ் டிரைவர் ஒரு மாட்டுக்கு ஒதுங்கினார். பஸ் சாய்ந்தது, நான் சாய்ந்தேன், என் லாரி வயலுக்குள் போனது. மீட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ் ஒரு ஷேர் ஆட்டோவை முந்தியது. என் லாரி எதிரே வந்த காரை நசுக்கியது.

"அய்யய்யோ, உள்ள ஆளு இருந்துச்சா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா, சும்மா படம்."

"படமா இருந்தாலும் பாத்து ஓட்டுத்தா."

நிறுத்தத்துக்கு நிறுத்தம் பஸ் குலுங்கியது. சின்னத் திரையில் ரோடு ஒரு பக்கம் ஓடியது, நெஞ்சு வேறு பக்கம் ஓடியது. ராஜபாளையம் எல்லைக்கு வருவதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டைக்கு வந்துவிட்டது. மிஷினை அந்த அம்மா கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் பாய்ந்தேன். எல்லாம் முடிந்து திரும்பியபோது, அவர் மிஷினை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒன் லாரி ஓடிக்கிட்டே இருக்குத்தா. எங்க நிப்பாட்டணும்?"

முன்னால் நின்ற ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "லாரி ஓட்டி வாந்தி எடுத்த டிரைவர இப்பத்தான் பாக்கேன்" என்றார். நான் அந்த அம்மாவிடம் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி மரியாதையை மீட்டுக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அதை வெளியே எடுக்கவில்லை. வீட்டில் எடுத்தேன். அங்கே வேறு வருத்தங்கள். ஊர்ப்பெயர் பலகை எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், கடைசியில் மூக்கோடு ஒட்டிப் பார்த்தேன். ஒரு லோடு இறக்குவதற்குள் பேட்டரி செத்துவிடும். சார்ஜர் வயர் எட்டுகிற தூரத்தில், லேப்டாப் இருந்த அதே மேஜையில், அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் விளையாட வேண்டியிருந்தது. எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம் என்பது உண்மைதான், பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்தார். அவர் கடை மோட்டார்களை ஏற்றி இறக்க இருபது வருஷமாக லோடு வண்டி ஓட்டுகிறவர். "கொண்டா" என்று வாங்கினார். கிளம்பின இடத்திலேயே கேட்டை உடைத்தார். இரண்டாவது தடவை பெட்ரோல் பங்கில் டீசல் பம்பை உடைத்தார். நான் சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் மிஷினைக் கீழே வைத்தார்.

"கெளம்பு. கான்சாபுரத்துக்கு மோட்டார் இறக்கணும். நெச வண்டிய நீ ரிவர்ஸ் எடுத்துக் காட்டு."

நானும் ரோஷத்தில் ஏறிவிட்டேன். கான்சாபுரத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவரின் தென்னந்தோப்புக்குள் கிணற்றடி வரைக்கும் மண்பாதை போகிறது. தோப்புக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் இறங்கிச் சாவியை என்னிடம் கொடுத்தார். "கிணத்துப் பக்கம் வேண்டாம், இந்தக் களத்துலயே திருப்பு. எம்புட்டு நேரம்னாலும் எடுத்துக்க."

சம்சாரி துண்டைத் தோளில் போட்டபடி வேடிக்கை பார்க்க வந்தார். "அவிய ஓட்டுவாவளா?" என்று கேட்டார்.

"ஃபாரின்லயே ஓட்டிருக்கா" என்றார் இவர்.

கிளட்சை விட்டேன், வண்டி துள்ளிச் செத்தது. மறுபடியும் கிளப்பினேன், மறுபடியும் செத்தது. கேமில் கிளட்ச் கிடையாது என்பதை யாரிடம் போய்ச் சொல்ல? இன்னொரு தடவையில் வண்டி நகர்ந்தது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தேன், ஸ்டியரிங்கைச் சரியான பக்கம் ஒடித்தேன், வண்டி நேர்கோடு பிடித்த மாதிரி பின்னால் போனது. இவர் முகம் மாறுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததுதான் தப்பு. பிரேக் எது என்று கால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வண்டி வைக்கோல் படப்புக்குள் புகுந்து நின்றது.

சத்தமே இல்லை. வைக்கோல் மட்டும் கூரை மேல் சரிந்தது. இரண்டு பேரும் ஓடிவந்து கதவைத் திறந்தார்கள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

இவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், டயர் தடத்தைப் பார்த்தார். "நேராத்தான்ட்டி வந்துருக்க" என்றார். குரலில் கேலி இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது குறைவு. அதை வைக்கோலுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்பேன் என்று நினைத்ததில்லை. படப்பை மூன்று பேருமாகச் சரிசெய்து கொடுத்தோம். சம்சாரி இளநீர் வெட்டித் தந்தார். எனக்குத் தந்ததை மட்டும் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே தந்தார்.

திங்கட்கிழமை மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பஸ், கண்ணாடி, பேட்டரி எல்லாவற்றையும் சொல்லி, இது வாங்குகிற பொருள் இல்லை தம்பி என்று தீர்ப்பு வைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அக்கா, உண்மையச் சொல்லுதேன். வாங்கின மறுவாரமே நானும் அலமாரில வச்சிட்டேன். ஏன் வாங்கினேன்னு வீட்ல தெனமும் கேக்காங்க. நீங்க எடுத்துக்கிடுவியன்னு நினைச்சுத்தான் தந்தேன். பாதி விலைக்குத் தாரேன்."

நான் கம்பீரமாக மறுத்துவிட்டேன். அந்தக் கம்பீரம் செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் இருந்தது.

இப்போது ஆபீஸில் யாராவது "அக்கா, அந்த மிஷின் வாங்கலாமா?" என்று கேட்டால் பொறுமையாக விளக்குகிறேன். பஸ்ஸில் ஆகாது. நாற்பதைத் தாண்டின கண்ணுக்கு ஆகாது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் தேவையே இல்லை. வாங்காதீர்கள். இதைச் சொல்லும்போது அது என் கைப்பையில்தான் இருக்கும், சார்ஜரோடு. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும்.

போன சனிக்கிழமை அது பையில் இல்லை. தேடிக்கொண்டு கடைக்குப் போனேன். சுருண்டு கிடந்த செம்புக் கம்பிகளுக்கு நடுவில் இவர் உட்கார்ந்திருந்தார், மிஷின் பிளக்கில், நாக்கு பல்லிடுக்கில். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"செத்த இருங்க அண்ணாச்சி" என்றார் இவர், நிமிர்ந்து பார்க்காமல். "இந்த லோட மட்டும் இறக்கிட்டு வாரேன்."

அந்த ஆள் தெருவை எட்டிப் பார்த்தார், வண்டி எங்கே நிற்கிறதென்று.