கிரீம் பன்னும் சாச்சியின் கால்களும்

நான் செய்த முதல் திருட்டுக்கு என் சாச்சியின் கால்கள் பழி சுமந்தன. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோவளத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அதற்குச் சாட்சி சொல்வார்கள்.

சாச்சி அம்மாவின் தங்கை. அவள் புருஷன், அதாவது சாச்சா, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு, அதை ஒட்டி எங்கள் வீடு. சாச்சி இடுப்புக்கு மேலே ஒல்லிக்குச்சி. இடுப்புக்குக் கீழே வேறொரு ஆள். வயதுக்கு வந்தபோதே தொடை கொஞ்சம் பருத்ததாம். பிள்ளை பிறந்த பிறகு முழங்கால், கெண்டைக்கால் என்று இறங்கிவந்து, கொலுசு கிடக்கும் இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. அதற்குக் கீழே பாதம் மட்டும் கல்யாணத்துக்கு வாங்கிய அதே செருப்புக்குள் சுகமாகப் போய்வந்தது. சுடிதாருக்கு அளவெடுத்த தையல்காரம்மா, "மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு. ரெண்டு பேருக்குத் துணி எட்த்துனு வாம்மா" என்றாள்.

புருஷன் பேக்கரி வைத்திருக்கிறான், பெண்டாட்டிக்குக் கால் பருக்கிறது. ஊர் என்ன நினைக்கும்? விசாரணையே நடக்கவில்லை, நேராகத் தீர்ப்புதான். காலையில் கொள்ளுக் கஞ்சி, ராத்திரி ஒற்றைச் சப்பாத்தி. சாச்சிக்குக் கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு தெரிந்தது. கால் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கதவு லேசாக இடித்தாலே நீலம் பாய்ந்துவிடும். பிள்ளை மடியில் ஏறினால் பல்லைக் கடித்துக்கொள்வாள். அதையும் எல்லோரும் செல்லம் கொஞ்சுகிறாள் என்றார்கள்.

அந்த வருஷம் ரமலான் பிறை தெரிந்த அன்று சாச்சா ஒரு இஞ்சு டேப்போடு வந்தார். முழங்காலுக்கு மேலே சுற்றி அளந்து, காலண்டரில் பென்சிலால் குறித்துவைத்தார். "முப்பது நோன்பு இருக்குது. இதுல எறங்கலன்னா வேற எதுலயும் எறங்காது" என்றார்.

நானும் அந்த வருஷம்தான் முதல் நோன்பு பிடித்தேன். ஒன்பது வயது. நோன்பு திறக்கும் நேரத்தில் புதுப் பாவாடை, கழுத்தில் மல்லிகை மாலை, வந்தவர்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு நாள் போதும் என்று அம்மா சொன்னாள். மாலை போட்ட மிதப்பில் நான் முப்பதும் பிடிப்பேன் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டேன். யாராவது என்னைக் கேட்டார்களா? இல்லை. வாய் சும்மா இருந்ததா? அதுவும் இல்லை.

நாலாம் நோன்பன்று பதினோரு மணிக்கு பேக்கரியிலிருந்து பன் வெந்த வாசனை வந்தது. சாச்சி வீட்டுக்குள் புகுந்தால் கடையின் பின்கட்டுக்குப் போய்விடலாம். அங்கே தட்டில் தாள் சுற்றிய கிரீம் பன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு சாச்சியின் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துத் தின்றேன். தாளை எங்கே போடுவது என்று யோசிக்கும் அளவுக்கு எனக்குத் தொழில் பழகியிருக்கவில்லை. கட்டில் காலுக்குப் பின்னால் செருகிவிட்டேன். சாயங்காலம் எல்லோரோடும் உட்கார்ந்து, வாடிய முகத்துடன் பேரீச்சம்பழத்தை எடுத்தேன். வாடிய முகம் எனக்கு நன்றாகவே வந்தது. மறுநாளும் அதே வாசனை வந்தது.

பெருநாளுக்கு வீடு துடைக்க உதவிக்குப் போன அம்மா, கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டாள். பத்தொன்பது தாள்கள் வந்தன. அன்றைக்கென்று பார்த்து சாச்சா, சாச்சியின் காலையும் அளந்திருந்தார். "அன்னிக்கு இருந்த அளவு அப்படியே கீது" என்று சொல்லிவிட்டுத் தாள்களைப் பார்த்தார். அம்மா, "ஏண்டி, நோன்பு வெச்சுகினு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பன் தின்றது ஒரு குற்றமா? நோன்பாளி என்று சொல்லிக்கொண்டு தின்றதுதான் குற்றம். எங்கள் வீடுகளில் அதற்குமேல் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சாச்சி தாள்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பாவாடைக் கரையில் இருந்த பூக்களை எண்ண ஆரம்பித்தேன்.

"என் நோன்பு எனக்குத் தெரியும், படைச்சவனுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

பெருநாளன்று சாச்சி வாசலுக்கே வரவில்லை. முப்பதும் பிடித்த கெட்டிக்காரி என்று சாச்சா எனக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். காதில் வைத்துக் கேட்டால் அது டிக் டிக் என்று ஓடவில்லை, பன் பன் என்று ஓடியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கழற்றவில்லை, புதுக் கடிகாரம் அல்லவா.

இதற்குள் தெருவில் யானைக்கால் என்றும் பேச்சு கிளம்பிவிட்டது. அதற்கு முடிவு கட்டியவள் மீன்காரம்மா. கூடையை இறக்கிவைத்துவிட்டு, சாச்சியின் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பார்த்தாள்.

"யானைக்காலு எங்கம்மாவுக்கு இருந்துச்சு, எனுக்குத் தெரியாதா? ஒரு காலு பெருசா, ஒரு காலு சின்னதா இருக்கும். பாதமெல்லாம் வீங்கி, செருப்புல கால் நுழையாது. இது இன்னா, ரெண்டும் ஒரே அச்சா கீது, பாதம் கொழந்தப் பாதமா கீது. இது வேற ஏதோ. செங்கப்பட்டுக்கு இட்டுனு போய்க் காட்டு."

சாச்சாவோடு கேளம்பாக்கத்தில் வண்டி மாறி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னையும் அழைத்துப்போகச் சொன்னது சாச்சிதான். பஸ்ஸில் யாரும் அவள் காலில் இடிக்காதபடி என்னைத் தடுப்புச்சுவராக ஓரத்தில் உட்காரவைத்தாள்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. இரண்டு கால்களையும் விரலால் அழுத்தினார். குழி விழவில்லை, ஆனால் சாச்சி துடித்துப்போனாள். நீலம் பாய்ந்த இடங்களைப் பார்த்தார். காலில் இரண்டாம் விரலின் மேல்தோலைக் கிள்ளினார், அது சுலபமாக எழும்பி வந்தது. யானைக்கால் என்றால் அப்படி எழும்பாதாம். எப்போது தொடங்கியது என்று கேட்டார். பிறகு, "உங்க அம்மாவுக்கு?" என்றார்.

"இதே கால்தான் டாக்டர். ஒடம்புவாகுன்னு நெனச்சுகினோம்."

டாக்டரம்மாவின் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது. "இந்தப் பொண்ணு யாரு?"

"அக்கா பொண்ணு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். போச்சு, படித்தவர் அல்லவா, முகத்தைப் பார்த்தே பன்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு வியர்த்துவிட்டது.

"இதுக்கு லிப்பிடீமான்னு பேரு" என்றார் டாக்டரம்மா. "கொழுப்பு கால்ல மட்டும் வந்து படியும். பெரும்பாலும் பொண்ணுங்களுக்குத்தான் வரும். வயசுக்கு வரும்போது, பிள்ளை பெத்த பிறகு அதிகமாகும். குடும்பத்துல ஓடும். இது தின்னு வந்த கால் இல்ல. பட்டினி கெடந்தா மேல் உடம்புதான் வாடும், இது போகாது. முழுசா குணமாக்க மருந்து இல்ல. ஆனா வலியைக் குறைக்கலாம், மேல மேல வளராம பாத்துக்கலாம்."

சாச்சாவுக்கு மனம் ஆறவில்லை. "டாக்டர், இவ நோன்புலயே பத்தொன்பது கிரீம் பன்னு தின்னா."

"அண்ணே, பன்னு தின்னா இப்படியா, ரெண்டு காலுக்கும் அளந்து சமமாப் பங்கு வெச்சுட்டு, கணுக்காலோட நின்னுடும்?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தேன். "பன்னு நான்தான் தின்னேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். சாச்சா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் சாச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அப்படிக் குனிந்த தலை, கேளம்பாக்கம் வரைக்கும் நிமிரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சாச்சி என் காதோடு சொன்னாள். "அன்னிக்கே தெரியும்டி. கிரீம் ஒன் மூக்குல ஒட்டினு இருந்துச்சு."

"அப்பவே ஏன் சாச்சி சொல்லல?"

"இந்தக் கால வெச்சுகினு நான் சொன்னா யாரு நம்பப்போறாங்க?"

அப்புறம் வைத்தியம் ஆரம்பமானது. தொடை வரைக்கும் ஏறும் இறுக்கமான காலுறை ஒன்று கொடுத்திருந்தார்கள். கோவளத்து வெக்கையில் அதை மாட்டுவது, ஒரு சைஸ் சின்ன உறைக்குள் மெத்தையைத் திணிக்கிற வேலை. சாச்சா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் இழுப்பார்கள். நடுவில் சாச்சி இரண்டு பேரையும் திட்டுவாள், இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சொல்லிக்கொடுத்தபடி மெத்தென்று தடவிவிடும் வேலை அம்மாவுக்கு. காலையில் அலை அடங்கிய இடமாகப் பார்த்து, சாச்சி இடுப்பளவுக் கடலில் நடப்பாள். தண்ணீருக்குள் கால் லேசாகிவிடுகிறது என்பாள். கரையில் சாச்சா அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார், ஊர் பார்க்க. கொள்ளுக் கஞ்சி நின்றது. கால் பழையபடி ஆகவில்லை, ஆனால் பிள்ளை மடியில் ஏறினால் இறக்கிவிடாத அளவுக்கு வலி குறைந்தது.

எனக்கு மட்டும் ஒரு தண்டனை பாக்கியிருந்தது. ஒவ்வொரு பெருநாளும் சலாம் சொல்லப் போனால், சாச்சி என் பாவாடையை முழங்கால் வரை தூக்கி, அதற்கு மேலே லேசாகக் கிள்ளுவாள்.

"வலிக்குதா?"

"இல்ல சாச்சி."

"சரி, போ" என்று ஒரு கிரீம் பன்னைக் கையில் கொடுப்பாள். பன் திருடிக்குத் தண்டனையைப் பார் என்று வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். என்ன பிடிவாதக்காரி, இன்னும் மறக்கவில்லையே என்று மனசுக்குள் திட்டவும் செய்வேன்.

பதினாறு வயதில் ஒரு பெருநாள். வழக்கம்போலக் கிள்ளினாள்.

"ஆ! வலிக்குது சாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். சாச்சி சிரிக்கவில்லை. காலுறையோடு சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, என் இரண்டு கணுக்காலையும் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் இன்னும் மெதுவாகத் தொட்டாள். அங்கேயும் வலித்தது. ஏழு வருஷமாக அவள் எதைத் தேடிக் கிள்ளினாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சாச்சி எழுந்து பன்னை என் கையில் வைத்தாள்.

"நாளைக்கு செங்கப்பட்டு போறோம். கஞ்சி குடி, பட்டினி கெடன்னு எவளாவது சொன்னா எங்கிட்ட அனுப்பு. நீ நல்லா சாப்ட்டுட்டு வா."