மண் படாத ஜேர்சி

எங்கள் வீட்டில் மிகச் சுலபமான வேலை அண்ணனின் ஜேர்சியைக் கழுவுவது. அதில் அழுக்கே இருக்காது. கண்டி டவுனின் பெரிய உதைபந்தாட்ட அணியில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடம் மைதானத்துக்கு வெளியே போட்டிருந்த வாங்குப் பலகையில். ஞாயிறுதோறும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிப் போவான், உட்கார்ந்திருப்பான், பனிஸும் பிளேன்டீயும் முடித்துத் திரும்புவான்.

சுற்றுவட்டாரத்தில் நன்றாக ஆடும் பையன்கள் எல்லோரையும் அந்த அணி சேர்த்து வைத்திருந்தது. ஆட விடுவதற்கல்ல, வேறு அணிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. ஜேர்சியின் நிறம், முதுகில் எண், வகுப்பில் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை. எனக்கு இவை போதுமாக இருந்தன.

அம்மாவின் தம்பியான மாமாதான் அந்த அணியின் செயலாளர். ஒரு வருடம் எல்லா அணிகளும் கூடிய கூட்டத்தில், ஓர் அணி இத்தனை பேருக்கு மேல் பதியக் கூடாது என்ற விதியை அவரே முன்மொழிந்தார். சின்ன அணிகளெல்லாம் கை தூக்க, விதி நிறைவேறியது. டவுன் அணி சிலரை நீக்க வேண்டி வந்தது. மாமா முதலில் சொன்ன பெயர் அண்ணனுடையது.

"சொந்த அக்கா மகன் பேரத்தான் வெட்டுவியா?" என்றார் அம்மா.

"ஊரான் புள்ளய வெட்டிட்டு நம்ம புள்ளய வச்சிக்கிட்டா நல்லாருக்குமா அக்கா? இன்னொரு ரொட்டி போடுங்க."

அம்மா போடவில்லை.

அண்ணன் ஜேர்சியை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் தோட்டத்து அணிக்குப் பதினொரு பேர் சேர்வதே எப்போதும் பெரும்பாடு. யாரோ போட்டுப் பழசான ஜேர்சியோடு அவர்கள் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள்.

டவுன் அணியோடு அவர்கள் மோதிய அன்று நல்ல மழை. அண்ணன் சேற்றில் வழுக்கிக்கொண்டே ஒரு கோல் போட்டான். டவுன் அணிக்காரர்கள் நடுவில் நின்ற மாமா கை தட்டினார்.

"யாருக்கு கை தட்டுறீங்க?" என்றார் பக்கத்தில் நின்ற நிர்வாகத் தலைவர்.

"குளிருது, சேர்" என்று மாமா கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

கடைசியில் டவுன் அணிதான் வென்றது. எண்ணிக்கைக்கு எல்லை வைத்தாலும் பணக்கார அணிதானே வெல்கிறது, பிறகு அந்த விதி எதற்கு என்று இப்போது என்னோடு வேலை செய்யும் பொறியியலாளர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வாதாடும்போது நான் மறுப்பதில்லை. யார் வெல்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி.

போட்டி நடந்த அன்று மாலை அம்மா ஜேர்சியைக் கல்லில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். செம்மண் கறை போகவேயில்லை.

"எல்லாம் உன் சட்டத்தால வந்த வேல" என்று மாமாவைத் திட்டினார். ஆனால் அடுப்பிலிருந்து எடுத்த முதல் ரொட்டி மாமாவின் தட்டுக்குத்தான் போனது. கேட்காமலே இரண்டாவதும்.

அண்ணனை விரட்டிவிட்ட மனிதருக்கு, அதுவும் எனக்குப் போடுவதற்கு முன்னால், அம்மா ஏன் பரிமாறுகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.