நீலப் பசை

கடையில் பொட்டலம் கட்டித் தந்தால் நான் முதலில் காகிதத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன். உள்ளே இருப்பது வடையா போண்டாவா என்பதெல்லாம் அப்புறம். எண்ணெய் ஊறினால்தான் இவள் பேப்பர் படிப்பாள் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். ஒன்பது வயதில் பிடித்த பயம் அது, இன்னும் என்னை விட்டு இறங்கவில்லை.

சரவணம்பட்டிப் பக்கமெல்லாம் அப்போது சோளக்காடு. அதற்கு இந்தப் பக்கம், ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டி எங்கள் காலனி. அப்பாவுக்கு மாநகராட்சியில் சாக்கடை அள்ளுகிற வேலை. காலனியில் பாதிப் பேருக்கு அதே வேலை, மீதிப் பேர் செருப்புத் தைப்பவர்கள். நாங்கள் யார் என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லிவிடும்.

அம்மா வீட்டிலிருந்தபடி மளிகைக் கடைகளுக்குக் கவர் ஒட்டினாள். பழைய பேப்பரைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்து, மடித்து, மைதாப் பசை தடவி ஒட்டுகிற வேலை. பசையை அப்படியே வைத்தால் புளித்து நாறும், கரப்பான் மொய்க்கும். அதனால் காய்ச்சும்போதே அம்மா அதில் துளி மயில்துத்தம் போடுவாள். பசை இளநீலமாக, பார்க்கவே அழகாக இருக்கும். மயில்துத்தம் இருந்த தகர டப்பாவைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. "அது விஷம். தொட்டீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்." அம்மா சொன்னால் செய்கிறவள்.

தாய்மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பம்ப்செட் பட்டறையில் வேலை. சாக்கடையையும் செருப்பையும் விட்டு வெளியே வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அந்தப் பெருமையில் தினமும் சட்டைக்கு இஸ்திரி போடுவார். வருகிற தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அப்போதுதான் மெயின் ரோட்டில் ஒரு பங்களாவில் நகை திருட்டுப் போனது. போலீஸ் ஜீப் யாரையும் வழி கேட்காமல் நேராக எங்கள் காலனிக்கு வந்தது. முந்தின வாரம் மாமா அந்தப் பங்களாவில் மோட்டார் மாட்டப் போயிருந்தார். அது போதுமாக இருந்தது. மறுநாள் சாயங்காலப் பேப்பரில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே மாமா நின்றார், மேலே சட்டை இல்லாமல். டீக்கடையில் தொங்கிய போஸ்டரில் எங்கள் காலனியின் பெயரைப் போட்டு, கொள்ளையன் சிக்கினான் என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் போஸ்டர் அது.

சில நாளில் உண்மையான திருடன் அகப்பட்டான். பங்களாக்காரரின் சொந்த மச்சினன். பேப்பரில் அது உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தது, படம் இல்லை, தெருவின் பெயர்கூட இல்லை. மாமாவை விட்டுவிட்டார்கள். விட்டதை எந்தப் பேப்பரும் போடவில்லை. நொண்டிக்கொண்டு வந்த மாமாவிடம் பட்டறை முதலாளி, மற்ற ஆட்கள் சங்கடப்படுகிறார்கள், கொஞ்ச நாள் போகட்டும் தம்பி என்றார். பெண் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் யாருடைய பென்சில் காணாமல் போனாலும் முதலில் என் பையைத்தான் தலைகீழாகக் கவிழ்த்தார்கள்.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தத் தடவை பழைய பேப்பர் கடையில் அம்மாவுக்குக் கிடைத்த கட்டு முழுக்க விற்காமல் திரும்பிய அதே நாள் பேப்பர். பிரித்தால் மாமா. அடுத்ததைப் பிரித்தால் அதிலும் மாமா. அம்மா அவர் முகம் உள்பக்கம் போகும்படி ஒவ்வொன்றாக மடித்தாள். கவர் ஒட்டுவது எங்கள் வீட்டில் மட்டுமா? காலனிக்கு வெளியேயும் ஒட்டினார்கள், அவர்களுக்கு எந்தப் பக்கமானால் என்ன? ஒரு நாள் நான் வாங்கி வந்த பொரிகடலைக் கவரின் மேலே மாமா நின்றார். கடலையைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு கவரைச் சாக்கடையில் போட்டேன். அது மூழ்காமல் முகத்தைக் காட்டிக்கொண்டே மிதந்து போனது.

மாமா வெளியே போவதை நிறுத்திவிட்டார். சோறு வைத்தால் வைத்தபடி இருக்கும். அம்மா ஒரு நாள் எழுந்து, பேப்பர் ஆபீசுக்குப் போகிறேன் என்றாள். அப்பா தடுத்தார்.

"பெரிய எடத்துப் பகை நமக்கு எதுக்கு? உன்னையும் புடிச்சுப் பேப்பர்ல போட்டாங்கன்னா?"

அது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. முதலில் பேப்பருக்குப் படம் எடுப்பார்கள், அதற்கப்புறம் போலீஸ் பிடிக்கும் என்றுதான் எனக்குப் புரிந்தது.

அம்மா என்னையும் காலனிப் பெண்கள் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போனாள். ஆபீசில் கண்ணாடி போட்ட ஒருவர், உட்காருங்கம்மா என்றார். யாரும் உட்காரவில்லை.

"புடிச்சதைப் போட்டீங்க. உட்டதையும் போடுங்க. அவ்வளவுதானுங்க," என்றாள் அம்மா.

"அது நியூஸ் இல்லீங்கம்மா. புடிச்சாத்தான் நியூஸ்."

"செரிங்க. பங்களாக்காரரு மச்சினனைப் புடிச்சப்ப அவங்க தெருப் பேரை ஏனுங்க போடலை? எங்க காலனிப் பேரை மட்டும் எதுக்குங்க அத்தாம் பெருசாப் போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாளிலிருந்து பெண்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். கோஷம் போடத் தெரியாது, சும்மா உட்காரவும் தெரியாது. அதனால் பசைக் கிண்ணத்தையும் பேப்பர்க் கட்டையும் கொண்டுபோய், அந்த ஆபீசின் பேப்பரையே அந்த ஆபீசின் வாசலில் வைத்துக் கவர் ஒட்டினார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று என்ன ஏது என்று கேட்டார்கள், அம்மா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். போலீஸ் வேன் ஒன்று வந்து எதிரே நின்றது. ஆபீசுக்குள்ளிருந்து ஒருவர் கேமராவோடு வெளியே வந்தார். நான் அம்மாவின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அலறியதில் அவரே பயந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா என்னைக் கூட்டிப்போகவில்லை. வேறு வேலை கொடுத்தாள்.

"மாமன் எங்க போனாலும் நீயும் பின்னாலயே போ. நான் வார வரைக்கும் தனியா உட்றாதே."

போலீஸ் திரும்ப வந்தால் சத்தம் போடத்தான் என்னைக் காவல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதில் சந்தோஷம், ஜீப் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பதில் நடுக்கம். மாமா கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு, மில் சுவர் வரை போனால் சுவர் வரை போனேன். அந்த நாட்களில் வீடே நாறியது. அம்மா பசையில் மயில்துத்தம் போடுவதை நிறுத்தியிருந்தாள், டப்பா அலமாரியில் இல்லை. கேட்டதற்கு, தீர்ந்துபோச்சு என்றாள்.

ஒரு மத்தியானம் மாமா எழுந்து வந்து அலமாரியைத் துழாவினார். நான் பின்னாலேயே நின்றேன்.

"பசை நாறுது கண்ணு. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சலாம்னு பாக்கறேன். டப்பா எங்க?"

நாலைந்து நாளுக்குப் பிறகு மாமா பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருவரும் சேர்ந்து தேடினோம். அரிசிப் பானையில், சாமி படத்துக்குப் பின்னால், விறகு மறைவில். கடைசியில், அக்கா பெட்டியில் பார் கண்ணு என்றார். நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணச் சேலைக்கு அடியில் கை விட்டதும் டப்பா தட்டுப்பட்டது.

கையைத் தீயில் வைத்தது போல் இழுத்துக்கொண்டேன். எடுத்தால் அம்மா கையை ஒடிப்பாள். எடுத்தது மாமாவுக்காக என்றாலும் ஒடிப்பாள். சேலையை மூடி, பெட்டியை மூடினேன்.

"இல்லீங்க மாமா."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

மாமா என்னையே பார்த்தார். பொய் சொன்னது தெரிந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. நான் வாசலில் போய் உட்கார்ந்து ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அடுத்த சில நாளில் செய்தி வந்தது. நாலு வரி. சினிமா விளம்பரத்துக்கு அடியில், இன்னாருக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை, விசாரித்து விடுவித்தார்கள் என்று. காலனிப் பெண்கள் எல்லோரும் புதுப் பேப்பராகவே வாங்கினார்கள். அம்மா அந்த நாலு வரியும் மேலே தெரியும்படி மடித்தாள், எல்லா வீட்டிலும் அப்படியே மடித்தார்கள். எந்தக் கவரில் அவமானம் போனதோ அதே கவரில் இதுவும் போகட்டும் என்றாள். பட்டறை முதலாளி வீட்டுக்கே துவரம்பருப்பு அதில்தான் போனதாம். உண்மையோ, அம்மா சேர்த்துச் சொன்னதோ, மாமாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். கல்யாணப் பெண் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் எந்தத் திருட்டுச் செய்தியில் காலனிப் பெயர் வந்தாலும் பெண்கள் பசைக் கிண்ணத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

மாமா இஸ்திரிச் சட்டையோடு வேலைக்குப் போன அன்று அம்மா டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். பசை மறுபடி நீலமாயிற்று. அவள் நல்ல குணத்தில் இருக்கிறாள் என்று பார்த்து, பக்கத்தில் போய்ச் சொன்னேன். மாமா டப்பாவைத் தேடினார், நானும் தேடினேன், பெட்டியில் இருந்தது, ஆனால் நான் தொடவே இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பசைக் கையோடு என்னை இழுத்து, மூச்சு முட்டும்படி இறுக்கிக்கொண்டாள். விடவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டு டப்பாவைத் தொடாமல் இருந்ததற்கு இவ்வளவு பாராட்டா என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் ரொம்ப நாள் நான் வீட்டில் எதையுமே தொடாத பிள்ளையாக இருந்தேன்.