திறந்தே கிடந்த திரை

மலேசியாவில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் சேர்ந்த முதல் பெண் நவமணி. தொழிலாளர் விவரங்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றித் தரவுத்தளமாக்கியவள் அவள்தான். யாருக்கு எது வேண்டுமென்றாலும் நவமணியைத்தான் தேடி வருவார்கள்.

1988இல் ஷம்சாத் வந்தாள். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரின் மகள். கோலாலம்பூரில் கணினி படித்தவள். சில மாதங்களிலேயே புதிய தரவுத்தளம் ஒன்றை அமைத்து, நவமணி ஏற்றியதையெல்லாம் அதற்கு மாற்றிவிட்டாள்.

"பழசு சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு கெடக்கு சார்," என்றாள் மேனேஜர் சின்னையாவிடம். "சி மொழியில சின்ன புரோகிராம் எழுதியிருக்கேன். அதுல ஒரே கட்டளைதான். தரவுத்தளத்தோட பேரக் கொடுத்தா மொத்தமா அழிச்சிடும்."

"பாகுஸ்லா!" என்று மலாயில் மெச்சினார் அவர்.

'பழசு' என்றது நவமணிக்குச் சுருக்கென்றது. அந்த 'பாகுஸ்' அதைவிடக் குத்தியது. அவளை ஒருநாளும் அவர் அப்படிப் பாராட்டியதில்லை.

மறுநாள் காலை எல்லாரையும் பழைய தரவுத்தளத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். ஒருவர் உள்ளே இருந்தாலும் அது அழியாது என்று நவமணிக்குத் தெரியும். மூலையிலிருந்த தன் திரையில் அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கோப்பி கலக்கப் போனாள்.

ஷம்சாத் புரோகிராமை ஓட்டினாள். "முடிஞ்சிருச்சு சார்."

"எங்க முடிஞ்சுது? இன்னும் இருக்கேலா!" என்றார் சின்னையா. தரவுத்தளங்களின் பட்டியலில் பழைய பெயர் அப்படியே நின்றது. கோப்பியோடு திரும்பிய நவமணிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

சின்னையா தன் அறைக்குப் போய்விட்டார். முகம் சிவக்க உட்கார்ந்த ஷம்சாத், கட்டளை திருப்பித் தரும் பதிலைச் சோதிக்க ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினாள். யாரோ உள்ளே இருப்பதாகப் பிழைச் செய்தி வந்தது. எழுந்து ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே மூலை மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நீங்கதான் உள்ள இருக்கீங்க."

"மறந்துட்டேன்லா."

ஷம்சாத் திறந்திருந்த திரையையும் அவள் முகத்தையும் பார்த்தாள். பிறகு மேனேஜர் அறை வாசலில் நின்று, "என் தப்புதான் சார், பதில செக் பண்ணாம விட்டுட்டேன்," என்று சொல்வது கேட்டது. நவமணியின் பெயரை அவள் எடுக்கவே இல்லை.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நவமணிக்கு. நல்லவள் என்ற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போகவேண்டுமா? பற்களைக் கடித்துக்கொண்டு வெளியேறும் கட்டளையைத் தட்டினாள். ஷம்சாத் புரோகிராமை மறுபடி ஓட்டினாள். கண்ணிமைப்பதற்குள் பழைய பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது.

வருடக் கடைசியில் ஷம்சாத்துக்குப் பதவி உயர்வு. கேக் வெட்டினார்கள். முதல் துண்டை அவள் நவமணியிடம்தான் கொண்டுவந்தாள்.

"நல்லா இருக்காக்கா?"

"இனிப்பு கூடிப்போச்சு," என்றாள் நவமணி, வாயில் போடாமலே.