வண்டி வராத சாலை

முத்திருளனுக்கு லாரியைக் கண்டால் ஆகாது. பயமா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "ஆகாது சார், அம்புட்டுதான்" என்பான். கப்பலூர் பக்கம் அவன் மச்சானை, அதாவது மனைவி மாயக்காளின் கூடப்பிறந்த அண்ணனை, ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. மூடியிருந்த சாக்கை விலக்கிப் பார்த்து அடையாளம் சொன்னவன் முத்திருளன்தான். அந்த வாரமே மாயக்காள் அவனிடம் சத்தியம் வாங்கினாள். சைக்கிளை விட்டுவிடு என்று அவள் சொல்லவில்லை. சைக்கிள் இல்லாவிட்டால் அவன் ஆளே இல்லை என்று அவளுக்குத் தெரியும். லாரி, பஸ் ஓடுகிற ரோட்டில் ஆசைக்காக மிதிக்கக் கூடாது, எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர வேண்டும், இவ்வளவுதான் அவள் கேட்டது.

நானும் அவனும் மதுரையில் ஒரே அரசு அலுவலகம். நான் கல்யாணராமன், அவனுடைய பிரிவில் சீனியர் கிளார்க். அவன் பழைய வரைபடங்களைப் பாதுகாக்கிற வேலையில் இருந்தான். உசிலம்பட்டிக்கு மேற்கே புஞ்சை வைத்திருந்த குடும்பத்தில் சம்பள வேலைக்கு வந்த முதல் ஆள். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வராது. குடை கேட்டால் குடை, லீவு நாளில் வேலை என்றால் வேலை. ஆபீஸில் எல்லோரும் அதை நன்றாகவே உபயோகித்துக்கொண்டோம். நான் மேலதிகாரி என்பதால் கொஞ்சம் கூடுதலாக.

வரைபட அறைக்குள் அவன் எந்நேரமும் தேடிக்கொண்டிருந்தது வண்டி வராத சாலைகளைத்தான். கால்வாய்க் கரையில் ஜீப் போவதற்காகப் போட்ட மண் ரோடு, கண்மாய்க் கரை, நாகமலை அடிவாரத்து மாட்டுவண்டித் தடம். கண்டுபிடித்ததை ஒரு தாளில் நகல் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவான். எனக்குச் சர்க்கரை, உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நானும் ஒட்டிக்கொண்டேன். முதல் தடவை கால்வாய்க் கரையில் போனபோது அவன் இரண்டு கையையும் விட்டுவிட்டு மிதித்தான், வாய்விட்டுச் சிரித்தான். ஆபீஸில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. பின்னால் ஹாரன் அடிக்க ஆள் இல்லாத இடத்தில்தான் அவன் முழு மனுஷனாக இருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எண்பத்திரண்டாம் வருஷம் அவனுக்கு அந்த மலைச்சாலை கிடைத்தது. பேரையூருக்கு மேற்கே மலைக்குள் ஓர் அணை கட்டுவதாக ஒரு காலத்தில் பேச்சு. அணைக்கு முன்னால் சாலையைப் போட்டார்கள், அதோடு திட்டத்தைக் கைவிட்டார்கள். பதினோரு கிலோமீட்டர் தார்ச்சாலை, ஆளில்லாமல் மலைக்குள் போய் முடிந்துவிடுகிறது. அடிவாரத்தில் சங்கிலி போட்டு வனத்துறை பூட்டி வைத்திருக்கிறது. மாதம் ஒரு தடவை ஜீப் போனால் உண்டு. விஜயதசமி அன்று போகலாம் என்று முத்திருளன் சொன்னான். வரைபடத்தில் சரிவின் கணக்கு எல்லாம் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

முதல் நாள் ஆயுத பூஜை. மதுரையில் அன்றைக்கு உலக்கை முதல் டைப்ரைட்டர் வரை எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் நான் என் வண்டியைக் கழுவி, மண்ணெண்ணெயில் தேங்காய் எண்ணெயைக் கலந்து துணியில் நனைத்து, ஹேண்டில்பாரிலிருந்து ரிம் வரைக்கும் ஒரு இடம் விடாமல் துடைத்தேன். ரிம்மில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. வருஷா வருஷம் அப்படித்தான் செய்வேன். மதுரை தட்டையான ஊர். இங்கே சைக்கிளுக்கு பிரேக் என்பது பாதிக்குமேல் காலும் மணியும்தான். ரிம்மில் எண்ணெய் ஏறினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாரும் யோசித்தது கிடையாது. முத்திருளனின் வண்டிக்கு மாயக்காள் வீட்டில் பூஜை செய்தாள். தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சந்தனம் வைத்தாள், அவ்வளவே.

விடிகாலை முதல் பஸ்ஸின் தலையில் இரண்டு சைக்கிளையும் ஏற்றினோம். கப்பலூரைத் தாண்டும்போது அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. டி. கல்லுப்பட்டியில் இறங்கி, ஆசிரமத்துக்குப் பக்கத்துக் கடையில் இட்லி கட்டிக்கொண்டு, காட்டு வழியாக மேற்கே மிதித்தோம். அடிவாரம் போய்ச் சேரும்போது மணி பத்தரை.

சங்கிலிக்குக் காவல் இருந்த வாச்சர் பெயர் பேயாண்டி. ஐம்பது வயசு இருக்கும். எங்களை உள்ளே விட அவருக்குப் பிடிக்கவில்லை. முத்திருளன் ஆபீஸ் அடையாளச் சீட்டைக் காட்டியதால் நோட்டில் பேர் எழுதச் சொன்னார்.

"அஞ்சு மணிக்குள்ள இறங்கிருங்க. அதுக்கு மேல காட்டெருமை ரோட்டுக்கு வந்துரும். ரெண்டு பேரா ஏறுறீக, ரெண்டு பேரா வந்து கையெழுத்துப் போடணும்" என்றார்.

முத்திருளன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். திரும்பிவிடலாமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது, கௌரவம் தடுத்துவிட்டது.

ஏற்றத்தில் மிதித்ததைவிடத் தள்ளியதுதான் அதிகம். சாலையின் நடுவில் புல் முளைத்திருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புச் சுவர் இல்லாத பள்ளம். கிலோமீட்டர் கல்லில் எழுத்து அழிந்திருந்தது. வண்டி வராத சாலை இத்தனை அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. முத்திருளனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு நாள் மாயக்காளைக் கூட்டி வர வேண்டும், இந்த ரோட்டைப் பார்த்தால் அவள் பயமெல்லாம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

சாலை முடிகிற இடத்தில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தோம். நான் தூங்கிவிட்டேன். அவன் எழுப்பும்போது மூன்றரை மணி, விளக்கு வைப்பதற்குள் இனி வீடு போய்ச் சேர முடியாது. மேற்கே வானம் வேறு கறுத்திருந்தது.

இறங்க ஆரம்பித்து நூறு கஜம் போனதும் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். பிரேக் கட்டை ரிம்மின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. செருப்பைத் தரையில் தேய்த்து, கடைசியில் பாறைப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. முத்திருளன் ஓடி வந்து ரிம்மைத் தொட்டுப் பார்த்தான், விரலை முகர்ந்தான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மண்ணை அள்ளித் தேய்த்தான், துண்டால் துடைத்தான். ரப்பர் கட்டைக்குள்ளேயே எண்ணெய் இறங்கியிருந்தது. அதற்குள் தூறல் வேறு.

அவன் வண்டியைப் பார்த்தேன். "உன் வண்டி நல்லாப் பிடிக்குதே" என்றேன்.

நான் சொன்னது அது ஒன்றுதான். அவன் என் முழங்காலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறகு தன் ஹேண்டில்பாரை என் பக்கம் நீட்டினான்.

"நீங்க இதுல போங்க சார். காலு வேற அடிபட்டிருக்கு. போயி வாச்சர நிறுத்தி வையிங்க. நான் இதத் தள்ளிக்கிட்டு பைய வாரேன்."

இருவருமே தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கலாம். பத்துக் கிலோமீட்டருக்குமேல், மழை, பேயாண்டி சொன்ன காட்டெருமை, எல்லாம் கண் முன்னால் வந்தது. எனக்குப் பயம். வெட்கத்தைவிட அது பெரிதாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். என் வண்டியின் கேரியரில் ஒரு காய்ந்த கிளையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான், பின்னால் இழுபட்டு வேகத்தைக் குறைக்கட்டும் என்று.

நான் சங்கிலிக்கு வந்தபோது மணி நாலரை. பேயாண்டி என் பின்னால் பார்த்தார். அஞ்சு ஆயிற்று, அஞ்சரை ஆயிற்று. மழை நின்றது. அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார், நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

கீழேயிருந்து நான்காவது வளைவில் அந்தக் கிளை நடு ரோட்டில் கிடந்தது, கயிறு அறுந்திருந்தது. அதற்கு மேலே ஈரத் தாரில் காட்டெருமைக் குளம்புச் சேறு. தள்ளிக்கொண்டு வந்தவன் அதைப் பார்த்துத்தான் வண்டியில் ஏறியிருக்க வேண்டும் என்றார் பேயாண்டி. பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தவர், நான் பார்க்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மறுநாள் மதியம் பஸ்ஸில் அவன் வண்டியை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தேன். உடலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தகவல் ஏற்கனவே போய்விட்டிருந்தது. பழங்காநத்தத்தில் அவர்கள் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு மாயக்காள் வெளியே வந்தாள். அழுது முடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தாள். குனிந்து முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் தடவினாள்.

"இதுல ஒரு கீறல் இல்லையே சார். அப்ப அவரு எதுல வந்தாரு?"

என் வண்டியில் என்று சொன்னேன். பிரேக் பிடிக்கவில்லை, மாற்றிக்கொண்டோம் என்றேன்.

"நீங்க கேட்டீகளா?"

"கேக்கல. அவனாத்தான் குடுத்தான்."

அது பொய் இல்லை. முந்தின இரவு முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவள் நிமிர்ந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க வாயத் தொறந்து கேக்கணுமாக்கும். அவரு குடுத்துருவாருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

வண்டியைச் சுவரில் சாய்க்கப் போனேன். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்து என் பக்கம் தள்ளினாள்.

"இங்க விடாதீக. மாத்திக்கிட்டீகள்ல, இது இனி ஒங்க வண்டி. எடுத்துட்டுப் போங்க."

வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஏறி உட்கார முடியவில்லை. அடிபட்ட காலோடு வீடு வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். மூன்று மைல். காலுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.