வலம் வந்த நாய்

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் மாடம் இருக்கிறது. ஒரு நாள் காலையில் எங்கள் நாய் அதை வலமாகச் சுற்ற ஆரம்பித்தது. நடக்கப் போகலாம் என்று கூப்பிட்டும் வரவில்லை. மறுநாளும் சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் வீட்டில் இப்படியொரு பக்திமான். கைப்பேசியில் வீடியோ எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

கைகூப்பிய படங்களாக வந்து குவிந்தன. கார் நிறுத்தும் இடத்துக்காக என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த கீழ்வீட்டு மாமிகூட நாய்க்குப் பால்கோவா கொண்டுவந்தார். "போன ஜென்மத்துல பெரிய மகானா இருந்திருக்கும். உங்காத்துல ஏன் வந்து பொறந்துதுன்னுதான் தெரியல" என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மனைவிதான் சந்தேகப்பட்டாள். "வீட்டுக்குள்ளயும் டைனிங் டேபிளைச் சுத்துதுங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது."

"பயிற்சி எடுக்குது" என்றேன். பெரிதாக ஏதோ சொல்லிவிட்ட நினைப்பு வேறு.

அந்த வாரமே அதன் தலை வலப்பக்கம் சாய்ந்தது. சுற்றும்போதே கால் பின்னி விழுந்து, எழுந்து, சுவர் இருப்பதே தெரியாததுபோல் முகத்தை முட்டிக்கொண்டு நின்றது. தூக்கிக்கொண்டு அடையாறில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

ஸ்கேன், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் முடிந்ததும் டாக்டர் சொன்னார். "மூளையில அழற்சி. கிருமி எதுவும் தெரியல. உடம்பைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குது. அதான் ஒரே பக்கமா சுத்தியிருக்கு."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "எதிர்ப்புச் சக்திக்கு நல்ல டானிக்கா எழுதிக் கொடுங்க டாக்டர்" என்றேன்.

அவர் என் மனைவியின் பக்கம் திரும்பினார். "அதைக் குறைக்கத்தாம்மா மருந்தே தரேன்" என்றார். பிழைக்குமா என்று அவள் கேட்டாள். மருந்து வேலை செய்தால் பிழைக்கும், சில நாய்களுக்கு வேலை செய்வதில்லை என்றார். தினமும் இடப்பக்கம் நின்று கூப்பிட்டுப் பாருங்கள், அந்தப் பக்கம் திரும்பினால் நல்ல அறிகுறி என்றும் சொன்னார்.

ஆட்டோவில் அதன் தலை என் மடியில் கிடந்தது. அந்த வீடியோவை அழிக்கலாம் என்று திறந்தேன். அத்தனை சுற்றிலும் அது ஒருமுறைகூட வாலை ஆட்டவில்லை. அதைப் பார்க்காமல்தான் ஊருக்கே காட்டியிருக்கிறேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க அழுதேன்.

ஸ்டீராய்டு மாத்திரையால் அதற்கு அகோரப் பசி, வீடெங்கும் மூத்திரம். துடைப்பது என் வேலை. முணுமுணுக்கக்கூட எனக்கு வாயில்லை. மனைவி தினமும் இடப்பக்கம் நின்று கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. நான் யாருக்கும் தெரியாமல் பிள்ளையாரிடம் பேரம் பேசினேன். இது நேராக நடந்தால், இதற்குப் பதில் நான் சுற்றுகிறேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் நாய், மாடத்தை ஏறிட்டும் பார்க்காமல் நேராக வாசல் கேட்டுக்கு நடந்து, வேப்பமரத்தடியில் காலைத் தூக்கியது.

"பக்தி போயிடுத்தே" என்று மாமி வருத்தப்பட்டார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். நாய் உட்கார்ந்து என்னைக் கவலையோடு பார்த்தது. படியிறங்கி வந்த மனைவி எங்கள் இருவருக்கும் இடப்பக்கமாக நின்றாள்.

"என்னங்க, உங்களுக்கும் ஆரம்பிச்சிடுச்சா? இந்தப் பக்கம் திரும்புங்க பாப்போம்."

திரும்பினேன். எனக்கு முன்பே நாய் திரும்பி, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.