நான் கைதட்டிய சண்டை

முன்பெல்லாம் வெட்டுக்குத்துப் படம் வந்தாலே டிவியை அணைத்துவிடுவேன். நிலக்கரி மைன்ஸில் வேலை பர்மனென்ட் ஆகாத வெறுப்பில் ஒரு ரவுடிக்குப் பின்னால் போன என் தம்பியை எதிர்க்கோஷ்டி வெட்டிக் கொன்றது.

போன வருஷம் ஒரு ஞாயிறு, நெய்வேலி குவார்ட்டர்ஸில் என் மகள் அப்படியொரு படம் போட்டாள். திட்டிக்கொண்டே உட்கார்ந்த எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அவ்வளவு விறுவிறுப்பு. கதாநாயகன் வில்லனின் அடியாட்கள் ஐந்து பேரையும் சாய்த்தபோது கைதட்டிவிட்டேன்.

மகள் டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்: "மாமாவும் அந்த ரவுடி பின்னாடி இப்படித்தான் நின்னுகினு இருந்தாராம்மா?"

தட்டிய கைகளை மடியில் இறக்கினேன்.

அதன் பிறகும் அந்த மாதிரிப் படங்கள் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தாலும் பிடிக்கிறது. ஆனால் சண்டை வந்தால் கதாநாயகனை விட்டுவிட்டு, விழுகிறவன் முகத்தைத் தேடுகிறேன். கேமரா அங்கே நிற்பதே இல்லை.